டேர், டீ, டாஸ்: விட்டுவிட்டால் என்ன?

கேள்வி: நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மனி வேலைக்காக ஜெர்மன் படித்து வருகிறேன். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னும் டேர், டீ, டாஸ் மூன்றில் ஒன்றைப் போடச் சொல்கிறார்கள். தலைக்கு டேர், கைக்கு டீ, காலுக்கு டாஸ். என்ன நியாயம் இது? விதியே கிடையாது, மனப்பாடம்தான் என்கிறார்கள். இவற்றை விட்டுவிட்டுப் பேசினாலும் அவர்களுக்குப் புரியும்தானே?
(ஒரு வாசகி, திருச்சி)

பதில்: கடையில் காபி கேட்கும் அளவுக்குப் புரியும். வார்டில் அது போதாது. ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெறப் பொதுவாக மொழித் தேர்ச்சியில் பி2 என்னும் மேல் இடைநிலை கேட்கிறார்கள். டேர், டீ, டாஸ் என்னும் இந்த ஆர்டிகிளை விழுங்கிப் பேசுகிறவர் அந்த உயரத்துக்கு ஏற முடியாது. காரணம், ஆர்டிகிள் வெறும் அலங்காரம் அல்ல. தமிழில் வேற்றுமை உருபு செய்கிற வேலையை ஜெர்மனில் பெரும்பாலும் அதுதான் செய்கிறது.

'டேர் ஆர்ட்ஸ்ட் ரூஃப்ட் டேன் ப்ஃப்ளேகர்' என்றால் டாக்டர் ஆண் செவிலியரைக் கூப்பிடுகிறார். அதையே திருப்பிப் போட்டு 'டேன் ப்ஃப்ளேகர் ரூஃப்ட் டேர் ஆர்ட்ஸ்ட்' என்றாலும் கூப்பிடுகிறவர் டாக்டர்தான். ப்ஃப்ளேகர் என்ற சொல் இரண்டு வாக்கியத்திலும் அப்படியே நிற்கிறது. 'ஐ' உருபின் வேலையைச் செய்வது முன்னால் நிற்கும் 'டேன்'. அதை நீக்கிவிட்டால் 'டாக்டர் செவிலியர் கூப்பிடுகிறார்' என்பதுதான் மிச்சம். யார் யாரை? இந்த டேன், 'கு' உருபின் வேலையைச் செய்யும் டேம் எல்லாம் சரியாக வர வேண்டுமானால் முதலில் சொல்லின் பால் தெரிந்திருக்க வேண்டும்: டேர் ஆண்பால், டீ பெண்பால், டாஸ் அஃறிணைப்பால். உங்கள் உழைப்பு அதற்காகத்தான்.

விதியே கிடையாது என்பதையும் நான் ஏற்க மாட்டேன். தலை, கை, கால் போன்ற பழைய குட்டிச் சொற்களுக்கு மனப்பாடம்தான் வழி. ஆனால் உங்கள் தொழிலில் புழங்கும் நீண்ட சொற்களில் பெரும்பகுதி விகுதியிலேயே பாலைச் சொல்லிவிடும். '-உங்' விகுதி பெண்பால்: டீ என்ட்ஸ்யுன்டுங், அதாவது அழற்சி. (தாவலைக் குறிக்கும் ஷ்ப்ருங் போன்ற ஓரசைச் சொற்களில் 'உங்' விகுதி அல்ல, சொல்லின் உடம்பு. அது டேர்.) '-ஹைட்', '-கைட்' பெண்பால்: டீ க்ராங்க்ஹைட், நோய். '-ட்ஸியோன்' பெண்பால்: டீ இன்ஃபெக்ட்ஸியோன், டீ ஓபராட்ஸியோன், டீ ஷ்டாட்ஸியோன் (வார்டு). ப்ரோன்கீட்டிஸ், ஹெபட்டீட்டிஸ் என்று '-ஈட்டிஸ்' வரும் நோய்கள் எல்லாம் டீ. த்ரோம்போஸெ போல '-ஓஸெ' என்று முடிபவையும் டீ. '-மென்ட்' பெரும்பாலும் டாஸ்: டாஸ் மெடிகமென்ட், டாஸ் இன்ஸ்ட்ருமென்ட். கணம் என்னும் மொமென்ட் டேர் என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். '-எ' என்று முடிகிற பொருட்பெயர்கள் பெரும்பாலும் டீ: ஷ்ப்ரிட்ஸெ (ஊசி), டாப்லெட்டெ, வுண்டெ (புண்). கண் என்னும் அவுகெ டாஸ் என்பது இதற்கு விலக்கு. '-எர்' விகுதியை மட்டும் நம்பாதீர்கள். ஆளைக் குறித்தால் அது பெரும்பாலும் டேர். பொருளைக் குறித்தால் எதுவும் வரலாம்: காய்ச்சலுக்கும் பிளாஸ்திரிக்கும் டாஸ், எண்ணைக் குறிக்கும் நும்மருக்கு டீ.

கூட்டுச்சொல்லைப் பார்த்து மிரள வேண்டாம். பாலை முடிவு செய்வது கடைசிச் சொல் மட்டும்தான். ரத்தம் டாஸ் ப்ளூட், அழுத்தம் டேர் ட்ருக், ஆகவே ரத்த அழுத்தம் டேர் ப்ளூட்ட்ருக். அதை அளக்கும் கருவியின் பெயர் கெரேட் என்று முடிகிறது. கெரேட் டாஸ் என்பதால் டாஸ் ப்ளூட்ட்ருக்மெஸ்கெரேட்.

தமிழர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. நமக்கு உயிரற்ற பொருள் எல்லாம் 'அது'. அந்தப் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் 'எஸ்' என்று சொல்லிவிடுகிறோம். சாவி டேர் ஷ்லுஸ்ஸல். எனவே 'சாவி எங்கே?' என்று கேட்டால் பதில் 'ஏர் லீக்ட் அவுஃப் டேம் டிஷ்' (அது மேசைமேல் இருக்கிறது). ஊசியைச் சுட்டினால் 'ஸீ'. பிளாஸ்திரிக்குத்தான் 'எஸ்'. நாம் வந்தான், வந்தாள், வந்தது என்று வினையில் பாலைக் காட்டுகிறோம். ஜெர்மன் வினை பாலைக் காட்டுவதே இல்லை. அங்கே பார்க்க வேண்டியது ஆர்டிகிள், அடைமொழி, சுட்டுப்பெயர் மூன்றையும்தான்.

படிக்கும் முறையில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, 'ஐன் ஃபெர்பான்ட்' (புண்ணுக்குப் போடும் ஒரு கட்டு) என்று 'ஐன்' போட்டு நெட்டுருப் போடுவது. ஆண்பாலுக்கும் அஃறிணைப்பாலுக்கும் 'ஐன்' ஒன்றே என்பதால் பால் மறைந்துவிடும். 'ஐனென் ஃபெர்பான்ட்' (ஒரு கட்டை) என்றோ 'ஐன் நோயர் ஃபெர்பான்ட்' (ஒரு புதிய கட்டு) என்றோ சொல்ல வரும்போதுதான் தடுமாற்றம் தெரியும். மற்றது, வாக்கியத்தில் காதில் விழுந்ததை வைத்துப் பாலை ஊகிப்பது. 'மிட் டேர் ஷ்ப்ரிட்ஸெ' (ஊசியால்) என்று கேட்டவுடன் ஊசி ஆண்பால் என்று எழுதிவிடுகிறார்கள். 'மிட்'டுக்குப் பின் பெண்பால் 'டீ', 'டேர்' ஆகும். 'டேர்', 'டாஸ்' இரண்டும் 'டேம்' ஆகும். பன்மையிலோ மூன்று பாலுக்கும் 'டீ' என்பதால், பன்மையில் கேட்டும் முடிவு செய்யக் கூடாது. அகராதியைத் திறங்கள். 1880 முதல் வரும் டூடன் அகராதி சொல்லுக்குப் பக்கத்திலேயே ஆர்டிகிளைத் தருகிறது.

ஒரு நாளைக்குப் பத்துப் பெயர்ச்சொல் போதும். அட்டையின் ஒரு பக்கம் தமிழ். மறுபக்கம் மூன்று: ஆர்டிகிளோடு ஒருமை, பன்மை, 'மிட்' சேர்த்த தொடர். டேர் ஃபெர்பான்ட், டீ ஃபெர்பெண்டெ, மிட் டேம் ஃபெர்பான்ட். மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். டேமுக்கு உதடு மூட வேண்டும், டேனுக்கு நாக்கு பல்லின் பின்புறம் தொட வேண்டும். அரைகுறையாக விட்டால் கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துச் சோதியுங்கள். ஆர்டிகிள் தவறினால் சொல்லே தெரியவில்லை என்று கணக்கு வைத்து அட்டையை முதல் நாள் அடுக்கில் போடுங்கள். ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, மற்றதற்குப் பச்சை என்று மை மாற்றி எழுதுவது பலருக்கு உதவுகிறது. எந்த நிறமானாலும் சரி, நடுவில் மாற்றாதீர்கள்.

சில சொற்களில் ஜெர்மன் பேசுகிறவர்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. கோலா ஜெர்மனியில் பெரும்பாலும் டீ, ஆஸ்திரியாவில் டாஸ். யோகுர்ட் டேர் என்றும் டாஸ் என்றும் வழங்கும். இவற்றுக்காக நேரம் செலவிட வேண்டாம்.

உங்களுக்கு அன்றாடம் தேவைப்படும் ஒரு சொல்லை மட்டும் இன்றைக்கே தனி அட்டையில் எழுதுங்கள்: டேர் பாட்ஸியென்ட், நோயாளி. இங்கே ஆர்டிகிளோடு சொல்லும் மாறும். 'நோயாளியை' என்றால் டேன் பாட்ஸியென்டென், 'நோயாளிக்கு' என்றால் டேம் பாட்ஸியென்டென். 'டேம் பாட்ஸியென்ட்' என்பது பிழை. 'நோயாளிகளுக்கு' என்பதும் டேன் பாட்ஸியென்டென்தான். ஒருவரையா பலருக்கா என்பதை வாக்கியத்தின் வினையை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். பெண் நோயாளியானால் டீ பாட்ஸியென்டின். 'அவருக்கு' என்னும்போது டேர் பாட்ஸியென்டின்.