அம்மா போனை எடுங்கள், தம்பி

கேள்வி: எனக்கு வயது 38. ஒரு வருடமாக ஸ்டாலின் காலத்துச் சிறை, முகாம் நினைவுக் குறிப்புகளாகவே தேடிப் படிக்கிறேன். இரவில் தூக்கம் வருவதில்லை. மனசு பாரமாகவே இருக்கிறது. ‘அந்தப் புத்தகங்களைத் தூக்கிப் போடுங்கள்’ என்கிறாள் மனைவி. நிம்மதியாகப் படிக்க ஞாயிறுதான் கிடைக்கும். ஊரிலிருந்து அம்மாவும் அன்றுதான் கூப்பிடுவார் என்பதால் போனை சைலண்டில் போட்டுவிடுகிறேன். இந்தப் படிப்பையே நிறுத்திவிடவா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தூக்கத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். போனை சைலண்டில் போடுகிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

தன் சிறை, முகாம் வாழ்க்கையை எழுதிவைத்த எவ்கேனியா கின்ஸ்பர்க்கைப் படித்திருப்பீர்கள். 1937இல் அவரைக் கைது செய்தபோது இளைய மகன் வாஸ்யாவுக்கு நான்கு வயது. மூத்தவன் அல்யோஷா இரண்டாம் உலகப் போரின் லெனின்கிராட் முற்றுகையில் செத்துப்போனான், பெற்றவள் முகாமில். வாஸ்யாவை ரஷ்யாவின் தூரக் கிழக்கில் இருக்கும் மகதானில் மறுபடி பார்த்தது 1948இல்தான். சிறையில் எந்தக் கவிதைகளைச் சொல்லிச் சொல்லி அவர் உயிரைப் பிடித்துவைத்திருந்தாரோ, அதே கவிதைகளை முதல் நாள் இரவே பையன் மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தான். அந்தப் பக்கத்தில் நீங்கள் அழுதிருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்கும். பக்கத்தில் போன் சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருந்திருக்கும்.

லெனின்கிராட் சிறை வாசல் வரிசைகளில் கவிஞர் அன்னா அக்மதோவா 17 மாதம் நின்றார், உள்ளே மகன். உள்ளே இருப்பவருக்கென்று ஜன்னலில் நீட்டிய பணத்தை வாங்கிக்கொண்டால் ஆள் அங்கே இருக்கிறார் என்று அர்த்தம். திருப்பித் தள்ளினால் வயிற்றில் புளியைக் கரைக்கும். அந்தப் பெண்களுக்குக் கிடைத்த சேதியே அவ்வளவுதான். உங்கள் அம்மா ஒரு பட்டனை அமுக்கினால் மகன் குரலைக் கேட்கலாம். தடுக்க எந்த அரசாங்கமும் இல்லை. மகனே தடுக்கிறான்.

முகம் தெரியாத ரஷ்யத் தாய்க்காக உருகுவதில் செலவு ஒன்றும் கிடையாது. பெற்றவளிடம் முட்டிவலியையும் பக்கத்து வீட்டுச் சண்டையையும் நாலாவது தடவையாகக் கேட்க வேண்டுமே, அதுதான் உங்களுக்குக் கசக்கிறது. பிள்ளையாய்ப் பிறந்தவனுக்கு அது கடமை. நேரம் இருந்தால் பார்க்கலாம் என்கிற பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

புத்தகங்களைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். அக்மதோவா கவிதையைத் துண்டுத் தாளில் எழுதிக் காட்டுவார், தோழி லிதியா சுகோவ்ஸ்கயா மனப்பாடம் செய்துகொள்வார், உடனே தாளை எரித்துவிடுவார்கள். அப்படிக் காப்பாற்றிய எழுத்து அது. படுக்கையில் மட்டும் படிக்காதீர்கள். மனைவி சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை காபி குடித்ததும் நீங்களே அம்மாவைக் கூப்பிடுங்கள். இத்தனை நாள் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் ஆபீஸ் வேலை என்று பொய் சொல்ல வேண்டாம். படித்துக்கொண்டிருந்தேன் என்றே சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.