ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி எந்த ஊருக்குப் போகும், செலவு யார் தலையில் விழும்?

கேள்வி: உலக ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப் போன்ற போட்டிகளுக்கு ஊரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? பணம் எங்கிருந்து வருகிறது? ஏன் சுற்றிச் சுற்றி அதே நாடுகளிலேயே நடக்கிறது?

நான் இந்தத் துறையில் வேலை பார்க்கும் ஆள் இல்லை. வருஷக்கணக்காக இரவு கண்விழித்து ஸ்கேட்டிங் பார்க்கும் ரசிகக் கூட்டத்தில் ஒரு ஆள், அவ்வளவுதான். எல்லோரையும் போல என் கண்ணும் முதலில் ஸ்கேட்டரின் காலில்தான் இருந்தது. ஒருநாள் ஒரு தாவலில் எத்தனை சுற்று முழுசாக முடிந்தது என்று பார்க்க, வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக்கொண்டிருந்தேன். காலுக்குப் பின்னால், ஐஸைச் சுற்றியிருக்கும் விளம்பரப் பலகையில் ஜப்பானிய எழுத்துகள். போட்டி நடந்ததோ ஐரோப்பாவில். அரங்கில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர்க்காரர்களில் எத்தனை பேருக்கு அதைப் படிக்கத் தெரியும்? உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அந்தப் பலகையில் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முறைப்படி முடிவெடுப்பது சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம். 1892-ல் தொடங்கியது, இப்போது தலைமையகம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில். ஒரு ஊர் நேரடியாகப் போய் 'எங்களுக்குக் கொடுங்கள்' என்று கேட்க முடியாது. அந்த நாட்டின் ஸ்கேட்டிங் கூட்டமைப்பு ஊரையும் அரங்கத்தையும் பேசி முடித்து விண்ணப்பிக்கும். சங்கத்தின் நிர்வாகக் குழு பார்த்துவிட்டு, பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷம் முன்னாடியே, இந்த வருஷம் இவர்களுக்கு என்று அறிவிக்கும். உலக சாம்பியன்ஷிப், உலக ஜூனியர், ஐரோப்பிய சாம்பியன்ஷிப், ஐரோப்பா தவிர மற்றவர்களுக்கான நான்கு கண்ட சாம்பியன்ஷிப் எல்லாம் இந்த வழியில்தான்.

இதைக் கேட்டால் ஒலிம்பிக் மாதிரி ஊர்கள் முட்டி மோதுகின்றன என்று தோன்றும். அப்படியெல்லாம் இல்லை. உலக சாம்பியன்ஷிப்பைச் சரியாக நடத்தக்கூடிய நாடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் அந்த வருஷம் அரங்கம் காலியாக இருந்து, பணமும் கையில் இருக்கிற நாடு எது என்று தேடுவதுதான் பல வருஷங்களில் நடக்கிற கதை என்பது என் கணிப்பு.

அரங்கம் காலியாக இருப்பது சாதாரண விஷயமில்லை. உலக சாம்பியன்ஷிப் நடப்பது மார்ச் மாதம். வட அமெரிக்காவில் பெரிய ஐஸ் அரங்கம் என்றாலே அது ஐஸ் ஹாக்கி அணியின் வீடு. பாதி இடங்களில் கூடைப்பந்து அணியும் கூடவே குடியிருக்கும். மார்ச்சில் இரண்டு விளையாட்டுக்கும் சீசன் உச்சத்தில் இருக்கும். போட்டி நாலைந்து நாள்தான் என்றாலும் ஐஸைத் தயார் செய்வது, பயிற்சி நாட்கள், கடைசி நாள் காட்சி நிகழ்ச்சி எல்லாம் சேர்த்தால் அரங்கம் ஒரு வாரத்துக்கு மேல் கையில் வேண்டும். அத்தனை நாளும் சொந்த அணிகள் வெளியூரில் விளையாடுமாறு அட்டவணையை முன்கூட்டியே வளைக்க வேண்டும். 2025-ல் பாஸ்டனின் டிடி கார்டனில் நடந்தபோது ஹாக்கி அணி, கூடைப்பந்து அணி இரண்டுமே அந்த வீட்டுக்காரர்கள். 2024-ல் மான்ட்ரியாலின் பெல் சென்டரும் ஹாக்கி அணியின் இடம்தான்.

அப்புறம் அந்த ஐஸ். ஹாக்கிக்கு ஐஸ் நல்ல குளிராக, கெட்டியாக இருக்க வேண்டும். அப்போதுதான் வட்டு வழுக்கிக்கொண்டு ஓடும். ஃபிகர் ஸ்கேட்டருக்கு அது ஆகாது. தாவி வந்து ஒற்றைக் காலில் இறங்கும்போது பிளேடின் விளிம்பு கொஞ்சம் கடித்துப் பிடிக்க வேண்டும். அதனால் ஐஸ் சற்றுத் தடிமனாகவும் சில டிகிரி வெப்பம் கூடுதலாகவும் வேண்டும். ஹாக்கியின் சிவப்பு, நீலக் கோடுகள் மறைந்து தளம் முழுக்க வெள்ளையாக வேண்டும். சுற்றியிருக்கும் கண்ணாடித் தடுப்புகளைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் நடுவர்களுக்கும் கேமராவுக்கும் பார்வை கெடும். அளவிலும் தகராறு உண்டு: சங்கம் விரும்புவது 60-க்கு 30 மீட்டர், வட அமெரிக்க ஹாக்கித் தளத்தின் அகலம் 26 மீட்டர்தான். அந்த நாலு மீட்டர் குறையும்போது, வேகமாக வரும் ஜோடி ஸ்கேட்டர்கள் பலகையை உரசுவது போலத் திரும்புவார்கள், பார்க்கிற நமக்குத்தான் வயிற்றைக் கலக்கும். இவ்வளவும் போதாதென்று, பயிற்சிக்கு இன்னொரு மூடிய ஐஸ் தளம் பக்கத்திலேயே வேண்டும். நிறைய ஊர்கள் இங்கேயே கழன்றுவிடும்.

சரி, பணம். வருபவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். உலக சாம்பியன்ஷிப்புக்கு ஸ்கேட்டர்கள் மட்டும் 200 பேரை ஒட்டி வருவார்கள். பயிற்சியாளர்கள், மருத்துவர்கள், அணித் தலைவர்கள் தனி. 2002 சால்ட் லேக் ஒலிம்பிக்கில் ஜோடிப் பிரிவு மதிப்பெண்ணில் நடந்த கூத்துக்குப் பிறகு புதிய மதிப்பீட்டு முறை வந்தது. அதில் 9 நடுவர்கள் போக, எந்தத் தாவல், எத்தனை சுற்று என்று தீர்மானிக்கும் தொழில்நுட்பக் குழு, தரவு உள்ளிடுபவர், வீடியோவைத் திரும்ப ஓட்டுபவர் என்று ஒரு மேசை நிறைய ஆட்கள். பிரிவுகள் நான்கு. தங்குமிடம், சாப்பாடு, பேருந்து, பாதுகாப்பு, மொழிபெயர்ப்பு, கணினி என்று கணக்கு நீளும். அரங்க வாடகை அதற்கும் மேலே.

இதில் சங்கமும் பங்கு போடுகிறது. பரிசுப் பணம் சங்கத்தின் பையிலிருந்துதான் வருகிறது. 2019 உலக சாம்பியன்ஷிப்பில் தனிநபர் தங்கத்துக்கு 64,000 டாலர். ஆனால் தொலைக்காட்சி உரிமை என்கிற கறவை மாடும் சங்கத்திடமே. நடத்துகிற நாட்டுக்கு முக்கிய வரவு டிக்கெட், உள்ளூர் ஸ்பான்சர், மாநகராட்சியோ மாநில அரசோ கொடுக்கும் மானியம். ஊர் நிர்வாகம் ஏன் கொடுக்கிறது? வெளியூர் ரசிகர் ஒரு வாரம் ஹோட்டலில் தங்குவார், கடையில் செலவழிப்பார் என்ற கணக்கு. அந்தக் கணக்கு எப்போதும் பலிக்கும் என்று நான் நம்பவில்லை. காலி நாற்காலிகளுக்கு முன்னால் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப் காலைச் சுற்றுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பலிக்கிற இடம் ஒன்று உண்டு. அதைக் காட்டுவதுதான் முதலில் சொன்ன அந்த ஜப்பானிய விளம்பரப் பலகை. அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்கு ஒரு காலத்தில் இருந்த மவுசு கொஞ்சநஞ்சமில்லை. 1994 லில்லிஹாமர் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஸ்கேட்டர்கள் கெரிகனும் ஹார்டிங்கும் மோதிய பெண்கள் பிரிவு, அந்நாட்டில் அதிகம் பேர் பார்த்த விளையாட்டு ஒளிபரப்புகளில் ஒன்று. அந்த அலை ஓய்ந்த பிறகு விளையாட்டைத் தாங்கிப் பிடித்தது ஜப்பான். அங்கே ஃபூஜி தொலைக்காட்சி உலக சாம்பியன்ஷிப்பை முக்கிய நேரத்தில் ஒளிபரப்பும். அதைப் பார்க்கும் ஜப்பானிய வீட்டுக்காகத்தான் ஜப்பானிய நிறுவனம் ஐரோப்பிய அரங்கில் பலகை வைக்கிறது. அரங்கத்தில் இருப்பவருக்குப் புரிகிறதா என்று யாருக்குக் கவலை?

2000-க்குப் பிறகு உலக சாம்பியன்ஷிப் ஜப்பானுக்குப் போன வருஷங்களை எண்ணிப் பாருங்கள்: 2002 நகானோ, 2007 டோக்கியோ, 2014, 2019, 2023 மூன்றும் சைதாமா. சைதாமா சூப்பர் அரீனாவில் ஒரு வியாழக்கிழமை மதியம்கூடக் கூட்டம் நிறையும். ஜப்பானின் நட்சத்திர ஸ்கேட்டர் யுஸுரு ஹன்யு ஆடி முடித்ததும் 'வின்னி த பூ' பொம்மைகள் மழையாக ஐஸில் விழும். பிளாஸ்டிக் பையோடு குட்டி ஸ்கேட்டர்கள் வரிசையாகப் புகுந்து பொறுக்குவார்கள், ஒருவர் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டுத் திரும்ப ஓடி வருவார், அடுத்து ஆட வேண்டியவர் ஓரத்தில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருப்பார், பாவம். ஹன்யு எந்த ஊருக்குப் போனாலும் ரசிகர்களில் ஒரு பகுதி விமானம் ஏறிவிடும். 2017-ல் ஹெல்சிங்கியில் அவர் வென்றபோது அரங்கில் அசைந்த ஜப்பானியக் கொடிகளைப் பார்த்தால், போட்டி நடந்தது பின்லாந்திலா என்றே சந்தேகம் வரும். ஒரே ஒரு ஆள் ஒரு நாட்டின் வரவு செலவை நேராக்கிவிடுகிறார். 2022-ல் அவர் போட்டிகளிலிருந்து விலகினார். அந்தக் கூட்டத்தை அதே அளவில் இழுக்க இன்னொருவர் வரவில்லை என்பது என் அபிப்பிராயம். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

ஒலிம்பிக் முடிந்த கையோடு வரும் உலக சாம்பியன்ஷிப்பை எடுத்து நடத்துகிற ஊருக்கு இன்னொரு தலைவலி. ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்கள் பலர் களைத்துப்போய் வரமாட்டார்கள், சிலர் ஓய்வே அறிவித்துவிடுவார்கள். டிக்கெட் விற்பவர் யார் படத்தைப் போட்டு விளம்பரம் செய்வது? 2010 டூரின், 2018 மிலான், 2022 மோன்பெல்லியே எல்லாம் அந்த ரகம்.

உலக சாம்பியன்ஷிப்புக்கு வெளியே, இலையுதிர்கால கிராண்ட் பிரி தொடர் வேறு மாதிரி. அங்கே நாடுகள் ஏறக்குறைய நிரந்தரம். எந்த ஊர் என்பதை அந்தந்தக் கூட்டமைப்பு பார்த்துக்கொள்ளும். அழைக்கப்பட்ட ஸ்கேட்டர்களை வரவழைத்துத் தங்கவைக்கும் செலவும் நடத்துபவருடையது. பெயரைப் பார்த்தாலே சில இடங்களில் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். ஜப்பானின் 'என்ஹெச்கே டிராபி' 1979 முதல் ஒளிபரப்பு நிறுவனத்தின் பெயரில். ரஷ்யாவினுடையது ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பெயரில் இருந்தது, உக்ரைன் போருக்குப் பிறகு தொடரிலிருந்தே போய்விட்டது. எனக்குப் பிடித்தது 2022-ல் சீனப் போட்டிக்குப் பதிலாக ஷெஃபீல்டில் நடந்த 'எம்கே ஜான் வில்சன் டிராபி'. அது பிளேடு செய்கிறவர்களின் பெயர். அந்த பிளேடுகள் தயாராவதும் எஃகுக்குப் பேர்போன அதே ஷெஃபீல்டில்தான். போட்டியில் ஆடியவர்களில் எத்தனை பேரின் காலடியில் அந்த ஊர்ச் சரக்கு இருந்திருக்கும்!

சின்ன ஊரால் முடியவே முடியாது என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் ஸ்போகேன் இரண்டு லட்சம் பேர் வாழும் ஊர். 2007-லும் 2010-லும் அமெரிக்க தேசியப் போட்டியை நடத்தி, இரண்டு முறையும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்றது. பெருநகரத்தில் ஸ்கேட்டிங் போட்டி பத்தோடு பதினொன்று. ஸ்போகேனில் அந்த வாரம் முழுக்க ஊர்ப் பேச்சே அதுதான்.

இன்னொரு சின்ன ஊர் எஸ்டோனியாவின் தாலின். 2022 ஜனவரியில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் அங்கே நடப்பதாகத்தான் ஏற்பாடு. சீனாவின் தியான்ஜினில் நடக்கவேண்டிய நான்கு கண்டப் போட்டி கோவிட் காரணமாக இடம் மாறியது. எங்கே? அதே தாலினுக்கு, ஐரோப்பியப் போட்டி முடிந்த சில நாட்களிலேயே. ஐரோப்பியர் தவிர மற்றவர்களுக்கான போட்டி ஐரோப்பாவில்! பிறகு சோஃபியாவில் நடக்கவேண்டிய உலக ஜூனியரும் ஏப்ரலில் அங்கேயே வந்து சேர்ந்தது. ஐஸ் இருக்கிறது, ஆட்கள் பழகிவிட்டார்கள், சரி என்று சொல்லும் கூட்டமைப்பு இருக்கிறது. நான் முன்னே சொன்ன 'தேடுதல்' இதுதான்.

விபத்து, பேரிடரில் போட்டியை இழந்தவர்களுக்கு வாய்ப்பு திரும்பி வருவதையும் கவனித்திருக்கிறேன். 1961-ல் ப்ராக் நகரப் போட்டிக்குப் புறப்பட்ட அமெரிக்க அணி முழுவதும் பிரஸ்ஸல்ஸ் அருகே விமான விபத்தில் இறந்தது, போட்டி ரத்தானது. 1962-ல் ப்ராக் நடத்தியது. 2011 மார்ச்சில் டோக்கியோவில் நடக்க வேண்டியது நிலநடுக்கத்தால் மாஸ்கோவுக்குப் போய், ஏப்ரல் கடைசியில் நடந்தது. அங்கே பெண்கள் தங்கத்தை வென்றது ஜப்பானின் மிகி அன்டோ. அடுத்த மூன்றாவது வருஷம் போட்டி சைதாமாவுக்கு வந்தது. 2020-ல் தொடங்க ஐந்தே நாள் இருக்கும்போது கோவிடால் ரத்தான மான்ட்ரியாலுக்கு 2024. இப்படித்தான் என்று விதி எதுவும் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் விற்ற டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்து, போட்ட செலவை விழுங்கிக்கொண்டு நிற்கும் கூட்டமைப்பு திரும்பக் கேட்கும்போது யாரால் முடியாது என்று சொல்ல முடியும்?

'அதே நாடுகள்' என்று கேட்டீர்களே, அதில் ஒன்று மட்டும் எனக்கு உறுத்தல். உலக சாம்பியன்ஷிப் இதுவரை பூமத்திய ரேகைக்குத் தெற்கே நடந்ததே இல்லை. 2000-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடப்பதாக இருந்து, பிரான்ஸின் நீஸுக்குப் போய்விட்டது. மான்ட்ரியாலுக்கும் ப்ராகுக்கும் திரும்பி வந்தது, பிரிஸ்பேனுக்கு வரவில்லை. 2017-ல் ஜூனியர் கிராண்ட் பிரி அங்கே நடந்தபோது யூடியூபில் பார்த்தேன். ஆகஸ்ட் மாதம், வடக்கே எல்லோருக்கும் கோடை, அங்கே குளிர்காலம்.