டியூட்டி ஃப்ரீ பாட்டிலும் சிகரெட்டும்: சுங்கத்தில் எவ்வளவு விடுவார்கள்?

விமான நிலையச் சுங்கம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். அடுத்த மாதம் திருச்சிக்கு வருகிறேன். பெரியப்பாவுக்கு ஒரு கார்ட்டன் சிகரெட்டும், அப்பாவுக்கும் அவர் நண்பர்களுக்கும் மூன்று ஒரு லிட்டர் விஸ்கியும் வாங்க நினைக்கிறேன். மூன்றாகச் சேர்த்து வாங்கினால் கடையில் விலை குறைவு. திருச்சியில் பிரச்சினை வருமா?

பதில்: இரண்டிலுமே அளவு தாண்டுகிறது, தம்பி. இந்தியாவுக்குள் வரும் பெரியவர் ஒருவர் வரியில்லாமல் கொண்டுவரக் கூடிய மது 2 லிட்டர். சிகரெட் என்றால் 100. சிகரெட்டுக்குப் பதிலாகச் சுருட்டு என்றால் 25, தூளாகவோ இலையாகவோ புகையிலை என்றால் 125 கிராம். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுதான். ஒவ்வொன்றிலும் அவ்வளவு என்று அர்த்தம் இல்லை.

சிகரெட்டில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். டியூட்டி ஃப்ரீ கடையில் கார்ட்டன் கணக்கில்தான் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு கார்ட்டனில் பத்து பாக்கெட், பாக்கெட்டுக்கு 20, ஆக 200 சிகரெட். நம் நாட்டு அளவுக்கு இரண்டு மடங்கு. முன்பு இந்தியாவிலும் 200 வரை விட்டார்கள். 2014 பட்ஜெட்டில்தான் அது 100 ஆகக் குறைந்தது. "அந்தக் காலத்தில் நான் கார்ட்டனாகவே கொண்டு வந்தேனே" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது பொய்யில்லை, ஆனால் இன்றைக்கு அது செல்லாது. பெரியப்பாவுக்கு ஐந்து பாக்கெட் வாங்குங்கள். தனிப் பாக்கெட்டாகத் தரமாட்டோம் என்று கடையில் சொன்னால், கூட வருகிற நண்பரோடு ஒரு கார்ட்டனைப் பாதியாகப் பிரித்து, அவரவர் பையில் அவரவர் பங்கை வைத்துக்கொள்ளலாம்.

மதுவில் பாட்டிலின் அளவைப் பார்த்து வாங்குங்கள். விமான நிலையக் கடையில் பெரும்பாலும் ஒரு லிட்டர் பாட்டில் இருக்கும். இரண்டு வாங்கினால் கணக்கு சரியாக முடிந்துவிடும். ஐரோப்பியக் கடைகளில் 700 மில்லி பாட்டில் அதிகம். "மூன்று எடுத்தால் சலுகை" என்று அதில் மூன்று வாங்கினால் 2.1 லிட்டர் ஆகிவிடும். அந்த 100 மில்லிக்கும் கேள்வி வரலாம். பியரும் இதே 2 லிட்டருக்குள்தான் வரும். 330 மில்லி கேன் ஆறு எடுத்தால் 1.98 லிட்டர், அத்தோடு விஸ்கிக்கு இடமில்லை.

இந்த மூன்று பாட்டில் சலுகைமேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று போர்டிங் பாஸைப் பார்த்துத்தான் பில் போடுகிறார்கள். அப்போதே "உங்கள் ஊரில் இரண்டு லிட்டர்தான் விடுவார்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்வது அபூர்வம். விற்றதோடு கடைக்காரர் வேலை முடிந்தது, இறங்கும் இடத்தில் பதில் சொல்ல வேண்டியது வாங்கியவர்தான்.

கேள்வி: தெரியாமல் மூன்று லிட்டர் வாங்கிவிட்டோம். இனி என்ன செய்வது? தூக்கி எறிய மனம் வரவில்லை.

பதில்: எறிய வேண்டாம். இறங்கியதும், வரி கட்ட வேண்டிய பொருள் இருப்பவர்கள் போகும் ரெட் சேனலுக்கு நேராகப் போய், "இரண்டு லிட்டருக்கு மேல் ஒரு பாட்டில் இருக்கிறது" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நாமே முன்வந்து சொல்வதற்கும், கிரீன் சேனலில் நடந்து ஸ்கேனரில் பிடிபடுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கிரீன் சேனலில் நடப்பதே "என்னிடம் வரி கட்ட வேண்டிய எதுவும் இல்லை" என்று சொன்னதற்குச் சமம். அதற்குப் பிறகு பிடிபட்டால் பொருளைப் பறிமுதல் செய்யவும் அபராதம் போடவும் 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

சரி, சொல்லிவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டும்? இந்தியாவில் கூடுதலாக உள்ள அளவுக்கு மட்டும்தான் வரி. ஆனால் மதுவுக்கு வரி கடுமை. பயணியின் மற்ற சாமான்களுக்கான விகிதம் இதற்குப் பொருந்தாது. விஸ்கி போன்றவற்றுக்குப் பல ஆண்டுகளாக மொத்தம் 150 சதவீதம் என்றே இருந்து வந்திருக்கிறது. அமெரிக்க பர்பன் விஸ்கிக்கு மட்டும் 2025-இல் 100 ஆகக் குறைத்தார்கள். 3,000 ரூபாய் பாட்டிலுக்கு 150 சதவீதம் என்றால் 4,500 ரூபாய் வரி. பாட்டில் 7,500 ரூபாயில் வந்து நிற்கும். சலுகையில் மிச்சம் பிடித்த பணம் எங்கே போனது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடை பில்லைக் கையில் வைத்திருங்கள். பில் இல்லையென்றால் அதிகாரி தானே ஒரு விலை வைத்துத்தான் வரி போடுவார், அது நீங்கள் கொடுத்த சலுகை விலையாக இருக்காது. கட்டிய வரிக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். "பாதியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று யாராவது பேச்செடுத்தால், முழு வரியையும் கட்டிவிடுகிறேன் என்று சொல்வதே உங்களுக்குப் பாதுகாப்பு.

இன்னொரு வழியும் இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர், வரி கட்ட விருப்பமில்லை என்றால், அந்தப் பொருளைச் சுங்கத்திடமே வைத்துவிட்டு, நாட்டை விட்டுப் போகும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சுங்கச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. ஆனால் முதலிலேயே உண்மையாக அறிவித்தவருக்குத்தான் இந்த வசதி. கிரீன் சேனலில் போய்ப் பிடிபட்டவர் இதைக் கேட்க முடியாது.

கேள்வி: நானும் மனைவியும் பத்து வயது மகனும் வருகிறோம். மூவருக்கும் சேர்த்து ஆறு லிட்டர் என்று கணக்கு போடலாமா?

பதில்: முடியாது. மகனை விட்டுவிடுங்கள், தமிழ்நாட்டில் மது வாங்கும் வயதே 21. உங்களுக்கு இரண்டு, மனைவிக்கு இரண்டு. அதையும் ஒரே பையில் நான்காக வைக்காதீர்கள். ஒருவருடைய சலுகையை இன்னொருவருடையதோடு சேர்க்கக் கூடாது என்று இந்திய விதியிலேயே இருக்கிறது. இரண்டு பில்லாகப் போட்டு, அவரவர் பாட்டிலை அவரவர் பையில் வைத்தால் பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: சென்னையில் இறங்கியதும் உள்ளேயே ஒரு டியூட்டி ஃப்ரீ கடை இருக்கிறதே, அங்கே வாங்குவது தனிக் கணக்கா?

பதில்: இல்லை. கிளம்பிய ஊரில் வாங்கியது, விமானத்தில் வாங்கியது, இறங்கிய பின் வாங்கியது எல்லாம் சேர்த்துத்தான் 2 லிட்டர், 100 சிகரெட். இரண்டு இடத்திலும் விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் இறங்கிய பின் வாங்குங்கள். கண்ணாடிப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

கேள்வி: முதல் தடவையாகச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறேன். சட்டைப்பையில் ஒரு பாக்கெட் சிகரெட் இருக்கிறது, அங்கே ரூம்மேட் ஒருவர் வாயில் போடும் புகையிலையும் கேட்டிருக்கிறார். ஒரு பாக்கெட்தானே, கேட்க மாட்டார்கள் அல்லவா?

பதில்: கேட்பார்கள். இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் புதிதாக வேலைக்குப் போகிற பையன்கள்தான் இதில் மாட்டி, முதல் மாதச் சம்பளம் கைக்கு வருமுன்பே அபராதத்தில் நிற்கிறார்கள்.

சிங்கப்பூரில் சிகரெட்டுக்கு வரிச் சலுகை அறவே கிடையாது. நூறு வேண்டாம், இருபது வேண்டாம், ஒன்றுகூட இல்லை. திறந்த பாக்கெட்டில் மீதம் இருப்பதையும் ரெட் சேனலில் காட்டி வரி கட்ட வேண்டும். 400 கிராம் வரை அங்கேயே கட்டிவிட்டுப் போகலாம். அதற்கு மேல் என்றால் தனி அனுமதி வேண்டும். அந்த நாட்டில் வரி கட்டி விற்கும் சிகரெட் ஒவ்வொன்றிலும் குறி அச்சிட்டிருக்கும், 2009-இலிருந்து அப்படி. ஆகவே தெருவில் வைத்துப் பார்த்தாலும் வெளியூர்ச் சிகரெட் என்று தெரிந்துவிடும். 2020 ஜூலையிலிருந்து பாக்கெட்டும் ஒரே மாதிரி, கம்பெனி அலங்காரம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று சட்டம். வரி ஏய்ப்பு வழக்கு நீதிமன்றம் வரை போனால், ஏய்த்த வரியைப் போல 40 மடங்கு வரை அபராதமும், ஆறு ஆண்டு வரை சிறையும் உண்டு. ஒரு பாக்கெட்டுக்கு அவ்வளவு தூரம் போகாது, ஆனால் அந்த இடத்திலேயே கட்டச் சொல்லும் தொகையே பாக்கெட்டின் விலையைப் போலப் பல மடங்கு. வேலை அனுமதியை நம்பிப் போகிறவர் தன் பெயர் சுங்கத்தின் பதிவேட்டில் ஏறுவதற்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்? அங்கே 21 வயது ஆகாதவர் புகையிலையே வைத்திருக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாயில் போடும் புகையிலை வரி கட்டிக்கூடக் கொண்டுபோக முடியாது. அது தடை செய்யப்பட்ட பொருள். ரூம்மேட் எவ்வளவு கெஞ்சினாலும் மறுத்துவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மதுவிலும் அங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மொத்தம் 2 லிட்டர் விடுகிறார்கள், ஆனால் விஸ்கி, பிராந்தி, ரம் வகையில் ஒரு லிட்டருக்கு மேல் கிடையாது. மீதி ஒரு லிட்டர் ஒயினாகவோ பியராகவோ இருக்க வேண்டும். அதுவும் 18 வயது நிறைந்தவராக, 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளியே இருந்தவராக, மலேசியா அல்லாத நாட்டிலிருந்து வருபவராக இருந்தால்தான். சனி ஞாயிறு மலேசியாவின் ஜொகூர் போய்விட்டுப் பாட்டிலோடு திரும்புகிறவருக்கு இந்தச் சலுகை இல்லை.

கேள்வி: சிட்னியில் இருக்கும் அண்ணனுக்கு இங்கிருந்து ஒரு கார்ட்டன் சிகரெட் கொண்டுபோகலாமா? அங்கே விலை மிக அதிகமாம்.

பதில்: விலை அதிகம் என்பதால்தான் அங்கே பிடியும் இறுக்கம். ஆஸ்திரேலியாவில் வரியில்லாமல் விடுவது 25 சிகரெட், அத்தோடு திறந்த பாக்கெட் ஒன்று. மது 2.25 லிட்டர். இதில் இந்தியாவோடு முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு: அங்கே அளவைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் அல்ல, அந்த வகையில் உங்களிடம் உள்ள முழுவதற்கும் வரி போடுவார்கள். பிரிட்டனிலும் இதே முறைதான், ஆனால் அளவு தாராளம். அங்கே 200 சிகரெட், விஸ்கி, பிராந்தி போன்ற ஸ்பிரிட்ஸ் 4 லிட்டர், அது தவிர 18 லிட்டர் ஒயின், 42 லிட்டர் பியர் வரை விடுகிறார்கள். லண்டனுக்குப் போய்ப் பழகியவர் அதே கணக்கில் சிட்னிக்குப் போனால் பெரும் தொகை கட்ட வேண்டிவரும். அண்ணனுக்கு முறுக்கு கொண்டுபோங்கள்; உணவு என்பதால் அதையும் படிவத்தில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: துபாயிலிருந்து சென்னை, அங்கிருந்து மதுரை. கைப்பையில் வைத்த டியூட்டி ஃப்ரீ பாட்டிலை உள்நாட்டு விமானத்தில் விடுவார்களா?

பதில்: நம்பி ஏறாதீர்கள். கடையில் சீல் வைத்துத் தரும் பையும் பில்லும், பயணம் முடியும் வரை பிரிக்காமல் இருந்தால்தான் 100 மில்லி திரவக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு. நடுவில் ஆசைப்பட்டுப் பிரித்தால் அடுத்த சோதனையில் பாட்டில் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். உங்களுக்குச் சுங்கம் சென்னையிலேயே முடிந்துவிடும். பெட்டியை எடுத்து வெளியே வந்ததும், பாட்டிலைத் துணிக்கு நடுவில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, மதுரை விமானத்துக்குச் செக்-இன் செய்துவிடுங்கள். ஆல்கஹால் 24 முதல் 70 சதவீதம் வரை உள்ள மது, கடைப் பேக்கிங் பிரிக்காமல், ஆளுக்கு 5 லிட்டர் வரை விமானத்தில் ஏற்றலாம் என்பது பொது விதி. இது விமானப் பாதுகாப்புக்கான அளவு. இதைப் பார்த்துவிட்டு, சுங்கமும் 5 லிட்டர் விடும் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். 70 சதவீதத்துக்கு மேல் போனால் ஏற்றவே மாட்டார்கள்.

கேள்வி: கிளம்பும்போது ஏர்போர்ட்டில் ஒருவர், "உங்களுக்குத்தான் சிகரெட் வேண்டாமே, என் கார்ட்டனை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்றார். நம்ம ஊர்க்காரர் என்பதால் மறுக்கச் சங்கடமாக இருந்தது.

பதில்: சங்கடப்படாமல் மறுங்கள். உங்கள் பையில் இருப்பது எல்லாம் உங்கள் பொருள் என்றுதான் சுங்கம் எடுத்துக்கொள்ளும். கேட்டவர் குருவியாக, அதாவது கூலிக்குச் சாமான் கடத்துகிறவராக இருக்கலாம், அப்பாவியாகவும் இருக்கலாம். பார்த்தவுடன் சொல்ல முடியாது. கார்ட்டனுக்குள் சிகரெட்தான் இருக்கிறது என்பதற்கும் உங்களிடம் ஆதாரம் இல்லை. வரிச் சலுகை நீங்கள் பயன்படுத்தவும் வீட்டாருக்குக் கொடுக்கவும்தான். விற்பனைக்குக் கொண்டுவருகிறவருக்கு நீங்கள் சுமந்து கொடுப்பது அதில் வராது. "மன்னிச்சுக்குங்க அண்ணே, அடுத்தவங்க சாமான் வாங்கறதில்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கேள்வி: மின் சிகரெட் ஒன்று என் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கிறேன். அறிவித்து வரி கட்டிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மின் சிகரெட்டை இறக்குமதி செய்வதே குற்றம். சிங்கப்பூரில் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும்கூடக் குற்றம். வரி கட்டிக் கொண்டுவரும் பொருள்களின் பட்டியலில் அது இல்லை. கிளம்பும் ஊரிலேயே விட்டுவிட்டு ஏறுங்கள்.