பூஸ்ட் முள் இறங்கினால் டர்போ கெட்டுவிட்டதா?

கேள்வி: மன்னார்குடியில் வசிக்கிறேன். என்னுடையது ஹூண்டாய் ஐ20 என் லைன், 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல். அண்மையில், டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டர் ஒன்றைத் தனியாகப் பொருத்தினேன். மூன்றாம் கியரில் முழுதாக மிதித்தால் முள் 1.2 பார் வரை எழுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றை நெருங்கும்போது 0.8க்கு இறங்கிவிடுகிறது. இரண்டாம் கியரில் 1.0ஐத் தாண்டுவதே இல்லை. மதிய வெயிலில் வண்டி மந்தமாகவும் தெரிகிறது. டர்போவை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது நல்ல நிலையில் உள்ள டர்போவின் நடத்தை.

இந்த எஞ்சினுக்கு நிறுவனம் தரும் அளவுகளைப் பாருங்கள். 1,500 முதல் 4,000 சுற்று வரை 172 நியூட்டன் மீட்டர் இழுவை. 6,000 சுற்றில் 120 பிஎஸ் திறன். அந்தச் சுற்றில் 120 பிஎஸ் கிடைக்க ஏறத்தாழ 140 நியூட்டன் மீட்டர் இருந்தால் போதும். 4,000க்கு மேல் இழுவை குறையும்படி வடிவமைத்தவர்களே வைத்திருக்கிறார்கள். இழுவை குறைந்தால் காற்றழுத்தமும் குறையத்தானே வேண்டும்? சிறிய டர்போ சீக்கிரம் வேகம் பிடிக்கும். ஆனால் உயர்சுற்றில் அதை மேலும் விரட்டினால் காற்றை அழுத்துவதைவிடச் சூடாக்குவதுதான் அதிகமாகும்.

அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது வேஸ்ட்கேட் என்னும் சிறு கதவு. டெல்டாக்காரருக்கு இதை விளக்குவது எளிது. காவிரிக்குத் தேவையானது போக மிகை நீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுகிறார்களே, அதே வேலைதான். டர்போவைச் சுழற்றும் புகையில் மிகையானதை இந்தக் கதவு பக்கவழியாக வெளியேற்றுகிறது. எப்போது, எவ்வளவு திறப்பது என்பதை எஞ்சின் கணினி தீர்மானிக்கிறது.

இரண்டாம் கியரில் சுற்று மளமளவென்று ஏறிவிடுவதால், டர்போ முழு வேகம் பிடிப்பதற்குள் கியர் மாற்றும் நேரம் வந்துவிடும். மதிய மந்தத்துக்குக் காரணம் வேறு. மீட்டர் காட்டுவது அழுத்தத்தை மட்டுமே, காற்றின் எடையை அல்ல. காலையில் 24 டிகிரியில் உள்ள காற்றைவிட 38 டிகிரிக் காற்று அதே அழுத்தத்தில் நூற்றுக்கு நாலரைப் பங்கு லேசானது. எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிக்கும் ‘தட்டல்’ எஞ்சினில் வராமல் இருக்கக் கணினி தீப்பொறியையும் தாமதப்படுத்தும். முள் அதே இடத்தில் நின்றாலும் வண்டி சோர்ந்து தெரிவது இதனால்தான்.

எப்போது கவலைப்படலாம்? எந்தக் கியரிலும் முள் எழாமல் பாதியிலேயே நின்றால், மிதிக்கும்போது புதிதாகச் சீறல் கேட்டால், எஞ்சின் விளக்கு எரிந்தால், நீலப் புகை வந்தால். அப்போதும் டர்போவைக் கழற்றச் சொல்லாதீர்கள். எஞ்சின் ஆறிய பிறகு, டர்போவிலிருந்து, சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாயின் கிளிப்பைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு. வெளியே ஈரமாகக் கறுத்த வளையம் ஒட்டியிருந்தால், அங்கே காற்று கசிந்து, கசிந்த எண்ணெயில் தூசி படிந்திருக்கிறது. என் அனுபவத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது மீட்டருக்காக நீங்கள் சேர்த்த மும்முனை இணைப்பைத்தான். அந்த மெல்லிய குழாய் வெப்பத்தில் இளகித் தளர்ந்துவிடும்.

உங்கள் பகுதிக்கென்று இன்னொன்றும் உண்டு. சம்பா அறுவடைக் காலத்தில் இயந்திரத் தூசியும், சாலையில் காயும் நெல்லின் பதரும் ஏர் ஃபில்டரிலும் இன்டர்கூலரின் முகப்பிலும் அப்பிக்கொள்ளும். அறுவடை முடிந்ததும் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். புத்தகத்தில் எழுதிய கிலோமீட்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்டர்கூலரில் அதிவேகத் தண்ணீர் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள்.

முள்ளை உயர்த்துவதற்காக வேஸ்ட்கேட் கம்பியைத் திருகித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். அப்படி அழுத்தத்தை ஏற்றியதால் உருகிய பிஸ்டன்களை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஐயம் தீரவில்லை என்றால், திருச்சி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் விடியற்காலையில், வண்டி நடமாட்டம் இல்லாத நேரத்தில், மூன்றாம் கியரில் 2,000 முதல் 4,500 சுற்று வரை மூன்று முறை இழுத்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் மீட்டரையும் சுற்றுமானியையும் சேர்த்துப் படம்பிடிக்கட்டும். மூன்று முறையும் முள் ஒரே மாதிரி ஏறினால் வண்டியை நிம்மதியாக ஓட்டுங்கள்.