வலை இழுத்த வீட்டுப் பெண் கடல் வேதியியல் படிக்கலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கிரேடு 11 படிக்கும் மகள், ஃபார்மசி வேண்டாம், பயோஜியோகெமிஸ்ட்ரி படிக்கக் கேப்டவுன் போகிறேன் என்று நிற்கிறாள். "என் மாமனார் வலை இழுத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தார். அந்தக் கடலை விட்டு வெளியே வரவே இவ்வளவு பாடுபட்டோம். மறுபடியும் கடலுக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் சித்தப்பாவும் டர்பன் கடற்கரையில் வலை இழுத்தவர். ஜூன், ஜூலையில் சார்டின் மீன் வரும் நாட்களில் விடியும் முன்பே எழுந்து போவார். அதனால் உங்கள் பயம் எனக்குப் புதிதல்ல.

முதலில் அந்தப் பெரிய பெயரைப் பிரித்துப் பார்ப்போம். உயிர், புவி, வேதியியல், அவ்வளவுதான். கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ், கந்தகம் ஆகியவை நீரிலும் சேற்றிலும் காற்றிலும் எப்படிச் சுற்றி வருகின்றன, அந்தச் சுற்றைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் எப்படி நடத்துகின்றன என்று அளந்து சொல்லும் படிப்பு. தெரிந்த உதாரணம் சொல்கிறேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் டர்பன் கழிவுநீர் நிலையங்கள் சேதமடைந்தன. கடற்கரைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. சாக்கடை நீர் ஆற்றில் கலந்தால் கிருமி மட்டுமா வருகிறது? நைட்ரஜனும் பாஸ்பரஸும் கூடவே வருகின்றன. அவற்றைத் தின்று பாசி பெருகும். பாசி செத்ததும் பாக்டீரியா அதை மக்கவைக்கும். அந்த வேலைக்கு நீரில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும், மீன் செத்து மிதக்கும்.

நம் தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையில் மனிதக் கழிவு இல்லாமலேயே இது நடக்கும். அங்கே ஆழத்துக் குளிர்ந்த நீர் சத்துகளோடு மேலே வருவதால் பாசி அபாரமாகப் பெருகும். 2022 மார்ச்சில் எலண்ட்ஸ் பே கடற்கரையில் சிங்கி இறால்கள், நாம் கிரேஃபிஷ் என்போமே, சுமார் 500 டன் கரையேறிவிட்டன. பெருகிய பாசி அழுகி, நீரில் மூச்சு விட ஆக்சிஜன் இல்லாமல் போனதுதான் காரணம். கொஞ்சம் வடக்கே, நமீபியக் கடலடிச் சேற்றில், வெறும் கண்ணுக்கே வெள்ளை முத்துப் போலத் தெரியும் ஒரு பாக்டீரியா வாழ்கிறது. 1997இல் கண்டுபிடித்தார்கள். சேற்றிலிருந்து வரும் விஷமான ஹைட்ரஜன் சல்ஃபைடை நைட்ரேட்டைக் கொண்டு எரித்துப் பிழைக்கிறது அது. உங்கள் மகள் மயங்கி நிற்பது இந்த மாதிரி விஷயங்களில்தான் என்று நினைக்கிறேன். அது நல்ல மயக்கம்.

சரி, இப்போது பிழைப்புக்கு வருவோம்.

அவளிடமும் இதைச் சொல்லுங்கள்: இந்தப் பெயர் போட்ட இளங்கலைப் பட்டத்தைத் தேட வேண்டாம். இந்தத் துறைக்கு வருகிறவர்கள் வேதியியல், நுண்ணுயிரியல், கணிதம், கடலியல் என்று ஏதோ ஓர் அடித்தளத்திலிருந்துதான் வருகிறார்கள். அவற்றில் வேதியியலையே நான் முதலில் வைப்பேன். பரிசோதனைக்கூடத்தில் பழகிய கை இருந்தால் ஆராய்ச்சி கிடைக்காத வருடத்திலும் சோறு கிடைக்கும். குடிநீர் வாரியம், நகராட்சியின் நீர்ப் பரிசோதனைக்கூடம், சுரங்கங்களின் கழிவுநீர்ப் பிரிவு, சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள் எல்லாமே நீரை அளக்கத் தெரிந்தவரைத் தேடுகின்றன. கழிவுநீர் நிலையங்களை மதிப்பிட்டு அரசு 2022இல் வெளியிட்ட கிரீன் டிராப் அறிக்கையைப் பார்த்தால், நாட்டில் எத்தனை கழிவுநீர் நிலையங்கள் படுமோசமான நிலையில் இருக்கின்றன என்று தெரியும். அவற்றைச் சரிசெய்யப் பொறியாளர் மட்டும் போதாது.

கிரேடு 12 ஃபிசிகல் சயன்சில் டைட்ரேஷன் வரும். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்ப்பது. கடல்நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க 1888இல் விங்க்ளர் என்ற ஹங்கேரி வேதியியலர் சொன்ன முறையும் ஒரு டைட்ரேஷன்தான். இன்றும் ஆராய்ச்சிக் கப்பல்களில் அதையே செய்கிறார்கள். பள்ளிக்கூட மேசையில் அந்த வேலை அவளுக்கு அலுக்கவில்லை என்றால் கப்பலிலும் அலுக்காது. அலுத்தால் அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. இந்தத் துறையில் முக்கால்வாசி நாள் டால்பினோடு போகாது, வடிகட்டித் தாளோடும் புட்டிகளோடும் கணினியோடும் போகும்.

அப்புறம் கணக்கு. ஆசிரியர் யாராவது, அன்றாடக் கணக்கோடு நிற்கும் எளிய பாடமான மேத்ஸ் லிட்டரசிக்கு மாறினால் மார்க் ஏறும் என்று ஆலோசனை சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். மாறினால் பி.எஸ்சி.க்கே இடம் கிடைக்காது. டியூஷனுக்குப் பணம் செலவழிப்பதானால் கணக்குக்குச் செலவழியுங்கள்.

கேப்டவுன் விஷயத்தில் என் கருத்து: முதல் மூன்று வருடம் வீட்டிலிருந்தே குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் வேதியியலும் நுண்ணுயிரியலும் படிக்கட்டும். இளங்கலைக்குப் பிறகு வரும் ஒரு வருடப் படிப்பான ஹானர்ஸுக்குக் கேப்டவுன் போகட்டும். கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை நல்ல துறை, அவள் ஆசையில் தவறில்லை. ஆனால் அங்கே தங்கும் செலவை முதல் வருடத்திலேயே ஏன் சுமக்க வேண்டும்? குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் இளங்கலைக்கு என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதித் திட்டத்தில் உதவி கேட்கலாம். அது ஹானர்ஸுக்கு வராது. அந்தக் கட்டத்தில் தேசிய ஆராய்ச்சி நிறுவனமான என்.ஆர்.எஃப்.பின் உதவித்தொகை இருக்கிறது, ஆனால் அது மார்க்கைப் பார்த்துத்தான் வரும். ஹானர்ஸ் முடித்துச் சில வருடம் வேலை பார்த்தால் அறிவியலாளர்களுக்கான சட்டபூர்வ அமைப்பான சாக்நாஸ்ப்பில் தொழில்முறை அறிவியலாளராகப் பதிவு செய்யலாம். ஆலோசனை நிறுவனங்கள் அந்தப் பதிவை மதிக்கும். ஆகவே ஹானர்ஸுக்கு முன்னால் நிறுத்திவிடாதீர்கள்.

முனைவர் பட்டத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். பள்ளி முடித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகலாம். நிரந்தர ஆராய்ச்சி வேலைகள் குறைவு. பலர் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள், சிலர் வெளிநாடு போகிறார்கள். அந்த முடிவை ஹானர்ஸ் வருடத்தில் எடுத்தால் போதும். இன்றைக்கு அதை வைத்துச் சண்டை வேண்டாம்.

பெண் பிள்ளை கப்பலில் போவதா என்று கேட்டிருந்தீர்கள். எஸ்.ஏ. அகுல்ஹாஸ் II என்ற நம் நாட்டு ஆராய்ச்சிக் கப்பல் 2012இலிருந்து ஓடுகிறது. அண்டார்டிக்கா, மேரியன் தீவு, கஃப் தீவு எல்லாம் போகும். 2022இல் அண்டார்டிக்கப் பயணி ஷேக்கில்டனின் மூழ்கிய கப்பலைக் கண்டுபிடித்ததும் இதில் போனவர்கள்தான். சீமெஸ்டர் என்ற பெயரில் இதிலேயே 2016 முதல் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்குக் கடல்மேல் வகுப்பு நடத்துகிறார்கள். பெண்கள் நிறையப் பேர் போகிறார்கள், குழுத் தலைவிகளாகவும் போகிறார்கள். நாம் வெளிவிடும் கரியமில வாயுவில் கடல்கள் விழுங்குவதில் பெரும் பங்கைத் தெற்குப் பெருங்கடல்தான் விழுங்கிக்கொள்கிறது. அதை அளக்க நம்மைவிட வசதியான இடத்தில் இருக்கும் நாடுகள் குறைவு.

கப்பல் ஒத்துவராவிட்டாலும் பரவாயில்லை. வடக்கே ஐசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவில் ம்ஃபாபேனி என்ற சதுப்பு நிலம் சுமார் 45,000 வருடமாகக் கார்பனைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஒரு பெண் வாழ்நாள் முழுக்க அதில் வேலை பார்க்கலாம், கடல் அலையே வேண்டாம்.

ஜூன் விடுமுறையில் ஒரு காரியம் செய்யுங்கள். நீர் வற்றும் நேரமாகப் பார்த்து, உம்கேனி முகத்துவாரத்தில் இருக்கும் பீச்வுட் அலையாத்திக் காட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். முடிந்தால் மாமனாரையும். கறுப்புச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது எங்கிருந்து வருகிறது என்று அவள் தாத்தாவுக்குத் தமிழில் விளக்கிச் சொல்லட்டும், நீங்களும் பக்கத்தில் நின்று கேளுங்கள். பிறகு அவள் கணக்கு மார்க்கைச் சேர்த்து எனக்கு எழுதுங்கள். எந்தப் பாடங்களுக்கு விண்ணப்பிப்பது என்று அதை வைத்து முடிவு செய்வோம்.