மாஸ்டர்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு நெட்வொர்க் அனாலிசிஸ்: எழுத்தாளர்கள எடுக்குறதா, ஃபுட்பால் டீம எடுக்குறதா? படத்துல நடுவுல வர்றவர்தான் முக்கியமானவரா?

ரெண்டுமே எடுக்கலாம், ரெண்டுலயும் நல்ல ப்ராஜெக்ட் இருக்கு. நெட்வொர்க் அனாலிசிஸ்னா ஆளுங்கள புள்ளியா, அவங்களுக்குள்ள இருக்குற தொடர்ப கோடா வச்சுப் படம் போட்டு அலசுறது. எந்த சாஃப்ட்வேர் நல்லதுன்னும் கேட்டிருக்கீங்க, அத கடைசில சொல்றேன், ஏன்னா அது இதுல சின்ன விஷயம்.

நான் மலேசியாவுல பினாங்குல ஒரு யுனிவர்சிட்டி லைப்ரரில வேலை செய்றேன். யார் யாரோட சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுறாங்கன்னு மேப் போடுறது என் வேலைல ஒரு பகுதி. ஞாயித்துக்கெழம காலைல பிறை பக்கம் ஒரு திடல்ல பசங்களோட ஃபுட்பால் ஆடுவேன், ஒரு வருஷம் எங்க டீமுக்கும் அதே மேப்ப போட்டுப் பாத்தேன். அதனால கேள்வியோட ரெண்டு பக்கமும் எனக்குக் கொஞ்சம் பழக்கம்.

முதல்ல இந்த "நடுவுல" ங்கிற வார்த்தைய பிரிச்சுக்கணும். ஒரு ஆளுக்கு எத்தன பேரோட நேரடித் தொடர்பு இருக்குன்னு எண்ணுனா அது டிகிரி. பால் எர்டிஷ்ன்னு ஹங்கேரி கணித மேதை, சுமார் 1500 கட்டுரை எழுதுனவரு, 500 பேருக்கு மேல அவரோட சேர்ந்து எழுதியிருக்காங்க, டிகிரி கணக்குல அவர் மலை மாதிரி நிப்பாரு. இன்னொரு கணக்கு பிட்வீன்னெஸ், 1977ல லிண்டன் ஃப்ரீமன் வரையறுத்துக் குடுத்தது. இத நம்ம ஊர்க்காரங்களுக்கு நான் ஃபெரிய வச்சுத்தான் சொல்வேன். 1985ல பினாங்கு பாலம் தெறக்குற வரைக்கும் நிலப்பக்கம் இருக்குற பட்டர்வொர்த்துல இருந்து தீவுல இருக்குற ஜார்ஜ்டவுனுக்கு காடிய (கார) கொண்டு போகணும்னா ஃபெரி ஒண்ணுதான் வழி. ஃபெரிக்கு தொடர்புன்னு பாத்தா ரெண்டே ரெண்டு, இந்தக் கரை ஒண்ணு அந்தக் கரை ஒண்ணு, டிகிரி கணக்குல ஒண்ணுமே இல்ல, ஆனா ஈப்போல இருந்து வர்ற லாரியும் சரி, அலோர்ஸ்டார்ல இருந்து வர்ற கல்யாண வீட்டு ஆளுங்களும் சரி, எல்லாரும் அது மேல ஏறித்தான் தீவுக்குப் போயாகணும். எந்த ரெண்டு பேர எடுத்தாலும் அவங்களுக்கு நடுவுல இருக்குற ஆகக் குறைஞ்ச தூர வழி எத்தன தடவ உங்க வழியா போவுதுங்கிறதுதான் பிட்வீன்னெஸ். பாலம் வந்ததும் ஃபெரியோட பிட்வீன்னெஸ் இறங்கிருச்சு, 2014ல ரெண்டாவது பாலம் வந்ததும் முதல் பாலத்தோடதும் இறங்குச்சு. ஃபெரி அப்படியேதான் ஓடுச்சு, சுத்தி இருக்குறது மாறுனதால அதோட இடம் மாறிப்போச்சு. மனுஷங்களுக்கும் இப்படித்தான் நடக்கும், அதனால ஒருத்தரோட எண் கூடுனாலோ குறைஞ்சாலோ உடனே அவரத்தான் காரணம்னு எழுதிடாதீங்க.

இப்ப நான் செஞ்ச ஒரு தப்ப சொல்லணும், நீங்க எழுத்தாளர்கள எடுத்தா இதுலதான் மாட்டுவீங்க. பத்து வருஷக் கட்டுரைகளோட தரவ இறக்கி மேப் போட்டேன். மருத்துவக் கூட்டம் ஒரு பக்கம், தண்ணி சுத்திகரிப்பு பத்தி எழுதுற எஞ்சினியர் கூட்டம் இன்னொரு பக்கம், ரெண்டுக்கும் நடுவுல ஒத்த ஆள், பிட்வீன்னெஸ்ல அவருக்குத்தான் முதல் இடம். எனக்கு அப்படியொரு சந்தோஷம், நம்ம ஆள் ஒருத்தர் ரெண்டு துறைய இணைச்சுப் பிடிச்சிருக்காருன்னு ஸ்லைட்லாம் போட்டு வச்சிட்டேன். மீட்டிங்குக்கு முந்தின நாள் மனசு கேக்காம அவர் ஈமெயில தேடுனா ரெண்டு ஈமெயில் வருது, ரெண்டு ஃபேக்கல்டி. அவங்க ரெண்டு வேற வேற ஆளுங்க, அப்படி ஒரு பாலமே கெடையாது.

இது ஏன் நமக்கு அடிக்கடி நடக்குதுன்னா நம்ம பேர் அப்படி. நம்ம ஐசில (அடையாள அட்டைல) பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவுல ஏ/எல், ஏ/பின்னு வரும், அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான், மலாய்ல மகன், மகள்னு அர்த்தம். வெளிநாட்டு டேட்டாபேஸுக்கு இது தெரியாது, கடைசியா இருக்குற அப்பா பேரத்தான் குடும்பப் பேர்னு எடுத்துக்கும், நம்ம சொந்தப் பேர வெறும் இனிஷியலா சுருக்கிடும். கவிதான்னு ஒரு பொண்ணு, குமார்னு ஒரு பையன், ரெண்டு பேரோட அப்பா பேரும் சுப்ரமணியம்னு வைங்க, ரெண்டு பேருமே "சுப்ரமணியம், கே." ன்னு ஆயிடுவாங்க, அண்ணன் தங்கச்சியா இருந்தாலும் சரி, யாருன்னே தெரியாத ரெண்டு பேரா இருந்தாலும் சரி. சில இடத்துல அந்த ஏ/எல் சாய்வுக்கோடு இல்லாம ஒட்டிக்கிட்டு அரபுப் பேர்ல வர்ற 'அல்' மாதிரி உக்காந்துக்கும். இன்னொரு பக்கம் அதே சுப்ரமணியத்த இங்கிலீஷ்ல நாலஞ்சு விதமா எழுதுவாங்க, அப்ப ஒரே ஆள் நாலு ஆளா பிரிஞ்சு போவாரு. பிரிஞ்சு போனா ஒருத்தரோட பெருமை குறையும், அதுவும் தப்புதான், ஆனா ஒட்டிப்போனா அதவிட மோசம், டிகிரி கொஞ்சம்தான் கூடும், பிட்வீன்னெஸ் எங்கயோ போய் நிக்கும், ஏன்னா நடுக்கடல்ல நாமளே ஒரு பாலத்தக் கட்டி விட்டுட்டோம்.

இது நமக்கு மட்டும் உள்ள தலைவலி இல்ல. 2001ல மார்க் நியூமன்ங்கிற ஆராய்ச்சியாளர் மெட்லைன்ங்கிற மருத்துவக் கட்டுரை டேட்டாபேஸோட தரவ வச்சு சுமார் 15 லட்சம் மருத்துவ ஆராய்ச்சியாளர்களோட கூட்டெழுத்து நெட்வொர்க்க அலசுனாரு. எல்லா இனிஷியலையும் வச்சு ஒரு தடவ, முதல் இனிஷியல் மட்டும் வச்சு ஒரு தடவன்னு ரெண்டு தடவ கணக்குப் போட்டு, உண்மை இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கும்னு காட்டுனாரு. நீங்களும் அப்படியே செய்யுங்க, பேரக் கறாரா பிரிச்சு ஒண்ணு, தாராளமா சேத்து ஒண்ணு. ரெண்டுலயும் அதே ஆள் நடுவுல வந்தா நம்பலாம், ஒண்ணுல மட்டும் வந்தா ஃபோனப் போட்டுக் கேளுங்க. 2012ல இருந்து ஓர்கிட்னு ஆராய்ச்சியாளர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு தனி அடையாள எண் இருக்கு, அது உள்ள ஆளுங்களுக்கு இந்தப் பிரச்சனை பாதி தீர்ந்துரும்.

ஆராய்ச்சியாளர்கள விட்டுட்டு கதை கவிதை எழுதுற நம்ம மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள எடுத்தீங்கன்னா வேற சிக்கல், அங்க கூட்டா எழுதுற பழக்கமே அபூர்வம். அப்ப கோடுங்கிறது என்ன? ஒரே சிறுகதைத் தொகுப்புல ரெண்டு பேர் கதையும் வந்தா ஒரு கோடா, ஒருத்தர் நூலுக்கு இன்னொருத்தர் அணிந்துரை எழுதுனா கோடா, விமர்சனம் எழுதுனா கோடா? எனக்கு அணிந்துரைதான் புடிக்கும். அதுக்கு ஒரு திசை இருக்கு, யார் யார்கிட்ட போய் கேட்டாங்க, யார் எழுதிக் குடுத்தாங்கன்னு நம்ம இலக்கிய வட்டத்தோட மரியாதை முறையே அதுல தெரியும். தொகுப்ப எடுத்தா ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. 30 பேர் எழுதுன ஒரே ஒரு தொகுப்பு 435 கோட்டப் போட்டுரும், அதுல பாதிப் பேர் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கூட இருக்க மாட்டாங்க, ரெண்டு பேர் உக்காந்து வருஷக்கணக்குல சேர்ந்து நடத்துன பத்திரிகைக்கு ஒரே ஒரு கோடுதான் கெடைக்கும். 2015ல ஹிக்ஸ்ங்கிற நுண்துகளோட நிறை (மாஸ்) பத்தி வந்த ஒரு இயற்பியல் கட்டுரைல 5154 பேர் ஆசிரியர்கள், அத அப்படியே கோடாக்குனா 1 கோடியே 32 லட்சத்துக்கும் மேல வரும், அந்த ஒரு கட்டுரையே உங்க மொத்தப் படத்தையும் முழுங்கிரும். இதுக்கும் நியூமன் ஒரு வழி வச்சிருக்காரு, ஒரு கட்டுரைல எத்தன பேரோ அதுல ஒண்ணக் கழிச்சு அதால வகுத்துக்கோங்க, ரெண்டு பேர்னா கோட்டோட எடை 1, 30 பேர்னா 29ல ஒரு பங்கு. சின்னக் கணக்குதான், இத செய்யாம விட்ட மாணவர் ப்ராஜெக்ட்ட எங்க லைப்ரரில நெறைய பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

ஃபுட்பால்ல இந்தத் தொல்லை கெடையாது, ஆள் பதினொண்ணு, முதுகுல நம்பர் இருக்கு, கோடுன்னா பாஸ், யார்கிட்ட இருந்து யாருக்குன்னு திசையும் இருக்கு. 11க்கு 11 கட்டம் போட்டா நடுவுல உள்ள மூலைவிட்டத்த விட்டுட்டு 110 கட்டம், ஒவ்வொண்ணுலயும் எத்தன பாஸ்னு எழுதுனா முடிஞ்சுது. 2010ல அமெரிக்காவுல லூயிஸ் அமரலோட குழு 2008 யூரோ கப்ப இப்படி அலசுனாங்க, அவங்க செஞ்ச அழகான வேலை என்னன்னா கோலுக்கு அடிக்கிற ஷாட்டையும் ஒரு புள்ளியா வச்சுட்டாங்க, அப்புறம் ஷாட்ல போய் முடியுற பாஸ் சங்கிலிகள்ல எத்தனைல இந்த ஆள் இருந்தாருன்னு எண்ணுனாங்க. கோல் அடிச்சவர மட்டும் பாக்காம அந்தப் பந்து அங்க வந்து சேர்ற வரைக்கும் யார் யார் கால்ல பட்டுச்சுங்கிறது கணக்குல வந்துருச்சு. 2012ல தாமஸ் குருண்ட் இங்கிலீஷ் பிரீமியர் லீக்ல 760 மேட்ச், 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல பாஸ், எல்லாத்தையும் போட்டுப் பாத்து, நெறைய பாஸ் பண்ற டீம் கூட கோல் போடுது, ஒருத்தர் ரெண்டு பேர மட்டும் சுத்திச் சுத்தி ஆடுற டீம் கம்மியா போடுதுன்னு சொன்னாரு.

எங்க டீம்ல நான் எண்ணுனது ஆறு மேட்ச். ஒரு தம்பி ஹேண்ட்போன்ல எடுத்த வீடியோவ ராத்திரி மாமாக் சாப்பாட்டுக் கடைல உக்காந்து நிறுத்தி நிறுத்தி எழுதுனோம். கோல் எல்லாம் எங்க ஸ்ட்ரைக்கரோடது, வருஷா வருஷம் கப்பும் அவனுக்குத்தான், நல்ல பையன், குறையே இல்ல. ஆனா பிட்வீன்னெஸ்ல முதல்ல வந்தது இடது பக்கம் நடுவுல ஆடுற ஒரு அண்ணன், நாப்பது தாண்டுனவரு, பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரில ஷிஃப்ட் வேலை. அவர் மேட்ச்ல இருந்தாரான்னு கேட்டா பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. மறுபடியும் ஏமாந்துரக் கூடாதுன்னு அவருக்கு நைட் ஷிஃப்ட் விழுந்து வராம போன ரெண்டு மேட்ச்ச தனியா எடுத்துப் பாத்தேன், பின்னாடி நாலு பேர் அவங்களுக்குள்ளயே தட்டிக்கிட்டு இருக்காங்க, முன்னாடி மூணு பேர் கைய தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க, நடுவுல கோடே இல்ல, கோல்கீப்பர் அடிச்ச லாங் பால்தான் போவுது. ரெண்டு மேட்ச் வச்சு பெருசா எதையும் நிரூபிக்க முடியாது, அது தெரியும், ஆனா இந்தப் பாலம் நெஜமாவே நிக்குதுன்னு எனக்கு அப்ப நம்பிக்கை வந்துச்சு.

அதனால உங்க ப்ராஜெக்ட்டுக்கு என் யோசனை, மூணு மாசம்தான் இருக்குன்னா ஃபுட்பால எடுங்க, ஒரு வருஷம் இருக்கு, தமிழ் மேல ஆசையும் இருக்குன்னா எழுத்தாளர்கள எடுங்க, அணிந்துரைகள வச்சு செய்யுங்க, கோலாலம்பூர்ல இருக்குற உங்களுக்கு மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை பக்கத்துலயே இருக்கு, பழைய நூல்கள அங்க போய் தேடலாம். சாஃப்ட்வேர்னா கெஃபி போதும், காசு வேணாம், கொஞ்சம் பைத்தான் தெரிஞ்சா நெட்வொர்க்எக்ஸ். தரவ எக்ஸெல்ல ரெண்டு பத்தியா வச்சுக்கோங்க, யார்கிட்ட இருந்து, யாருக்கு, அவ்வளவுதான்.

படம் கெடைச்ச பிறகு அதுல இருக்குற ஆள்கிட்ட போய் பேசுங்க, தயவு செஞ்சு இத விட்டுடாதீங்க. நான் அந்த அண்ணன்கிட்ட படத்தக் காட்டி, எப்படிண்ணே எல்லாப் பந்தும் உங்க வழியா போவுதுன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பாத்தாரு. "முட்டி வலி தம்பி, ஓட முடியல, பந்து வந்து சேர்றதுக்குள்ள யாருக்குக் குடுக்குறதுன்னு பாத்து வச்சுக்குவேன்" ன்னாரு. அடுத்த வாரத்துல இருந்து பயிற்சில எங்க சின்னப் பசங்க ரெண்டு பேர அவர் பக்கத்துல நிக்க வச்சோம், பந்து வர்றதுக்கு முன்னாடி எங்க பாக்குறாருன்னு கவனிக்கச் சொல்லி.