கல்லிலும் மரத்திலும் ஒளிந்திருக்கும் கேலி விலங்குகள்: எங்கே தேடுவது, எப்படி அறிவது?

கேள்வி: விடுமுறையில் பழைய கோயில்கள், தேவாலயங்கள், அருங்காட்சியகங்கள் என்று குடும்பத்தோடு போய்வருகிறோம். வேடனை வறுத்தெடுக்கும் முயல், வாத்துகளுக்குப் பிரசங்கம் செய்யும் நரி, மனித முகம் கொண்ட சிங்கம் என்றெல்லாம் படங்களில் பார்த்து ஆசையோடு போனால், நேரில் எதுவுமே கண்ணில் படுவதில்லை. எங்கே தேட வேண்டும்? என்ன கொண்டுபோக வேண்டும்? கலைஞர் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் செய்தாரா, அல்லது அந்த விலங்கைப் பார்த்ததே இல்லாததால் அப்படி வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நாம் நடுவில் பார்க்கிறோம், அவை ஓரத்தில் இருக்கின்றன. கண்ணில் படாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கருவறை, பலிபீடம், முகப்பின் நடுப்பகுதி எல்லாம் தெய்வத்துக்கும் அரசருக்கும் ஒதுக்கப்பட்டவை. கேலி விலங்குகளுக்குக் கிடைத்த இடம் வேறு: இருக்கையின் அடிப்பக்கம், தூணின் தலைப்பு, மழைநீர் வடியும் வாய், படிக்கட்டின் பக்கச் சுவர், ஓலைக்கும் தாளுக்கும் அடியோரம், சில இடங்களில் தரை. ஆகவே ஒரு கட்டடத்துக்குள் நுழைந்ததும் எந்த உருவம் என்று தேடாமல், எந்த உறுப்பு என்று தேடுங்கள்.

ஐரோப்பியத் தேவாலயங்களில் முதலில் போக வேண்டியது பாடகர் குழு அமரும் மர இருக்கைகளுக்கு. நீண்ட வழிபாட்டில் துறவிகள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அதனால் மடக்கும் பலகையின் அடியில் ஒரு சிறு தாங்கியை வைத்தார்கள். பலகையை நிமிர்த்தினால் அந்தத் தாங்கி இடுப்புக்குக் கீழே முட்டுக்கொடுக்கும். இதற்கு மிசரிகார்ட் என்று பெயர். உட்கார்ந்தால் மறைந்துபோகும் இந்த அடிப்பக்கத்தில்தான் தச்சர்கள் தங்கள் குறும்பையெல்லாம் கொட்டினார்கள். இங்கிலாந்தின் பெவர்லி ஊரில், மின்ஸ்டர் எனப்படும் பெரிய தேவாலயத்தில் 1520-ஐச் சேர்ந்த 68 மிசரிகார்டுகள் உள்ளன. நரி பிரசங்கம் செய்வதையும் வாத்துகள் நரியைத் தூக்கிலிடுவதையும் அங்கே காணலாம். ரிப்பன் பேராலயத்தில் (1489–1494) பன்றி தோற்பைக் குழல் ஊதுகிறது. வேடனை முயல் கம்பியில் கோத்து வாட்டும் காட்சி மான்செஸ்டர் பேராலயத்தில் இருக்கிறது. வேட்டை நாய்கள் அங்கே பானையில் வேகின்றன.

பெவர்லியில் பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. தோள்பை மாட்டிய யாத்திரை முயல் மின்ஸ்டரில் இல்லை. அது அதே ஊரின் புனித மரியாள் தேவாலயத்தில், ஒரு வாசல் வளைவின் ஓரத்தில் இருக்கும் கல் உருவம். ஊர்ப்பெயரை மட்டும் குறித்துக்கொண்டு போகிறவர்கள் தவறான கட்டடத்தில் தேடிவிட்டுத் திரும்புகிறார்கள். கட்டடத்தின் பெயரையும் உறுப்பின் பெயரையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

மிசரிகார்டைப் பார்க்கும் முறை: வழிபாடு நடக்கும் நேரத்தில் பாடகர் பகுதிக்குள் விடமாட்டார்கள், அதனால் நேரத்தை முன்பே விசாரித்துப் போக வேண்டும். பலகைகள் ஏற்கனவே நிமிர்த்தப்பட்டிருந்தால் தொட வேண்டியதே இல்லை. மடங்கியிருந்தால் பொறுப்பாளரிடம் கேளுங்கள், நீங்களாக நிமிர்த்தாதீர்கள். ஐந்நூறு ஆண்டு ஓக் மரம் அது. கை நழுவிப் பலகை விழுந்தால் கீலோரம் பிளந்துவிடும். இங்கிலாந்து மிசரிகார்டுகளில் நடுக் காட்சியின் இருபுறமும் சிறு துணைச் செதுக்கல்கள் வரும். கதையின் மீதி பல நேரம் அங்கேதான் இருக்கும். நடுவை மட்டும் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டால் பாதிக் கதை போய்விடும்.

கூரை விளிம்பில் தலை நீட்டும் விலங்குகளில் இரண்டு வகை உண்டு. வாய் வழியாகவோ அடிப்பக்கக் கால்வாய் வழியாகவோ மழைநீரைச் சுவரிலிருந்து தள்ளிக் கொட்டுபவை கார்காயில்கள். நீர் வழியே இல்லாதவை வெறும் அலங்காரம். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் தாடையும் தொண்டையும்தான் தெரியும். உருவம் இருபது மீட்டர் உயரத்தில் இருந்தால் சுவரிலிருந்து இருபது முதல் முப்பது மீட்டர் பின்வாங்கி நில்லுங்கள். அப்போதுதான் முகம் முகமாகத் தெரியும். பிரான்சின் லாவோன் பேராலயக் கோபுரங்களிலிருந்து எட்டிப்பார்க்கும் பதினாறு கல் எருதுகளை இப்படித்தான் பார்க்க வேண்டும். மலையுச்சிக்குக் கல் சுமந்த எருதுகளுக்கு நன்றியாக அவற்றை வைத்தார்கள் என்று மரபாகச் சொல்வார்கள். உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கும் அந்த மாட்டு முகங்களைக் கண்டால் சிரிப்பும் வரும், பாசமும் வரும்.

தரையை மறந்துவிடாதீர்கள். வெனிசை அடுத்த முரானோ தீவில் புனித மரியாள், புனித தொனாத்தோ தேவாலயத்தின் 12ஆம் நூற்றாண்டு மொசைக் தரையில், இரண்டு சேவல்கள் ஒரு நரியைக் கம்பில் கட்டித் தோளில் சுமந்து போகின்றன. கூரையை அண்ணாந்து பார்த்தபடி வருகிறவர்கள் அதை மிதிக்காத குறையாகக் கடந்துபோகிறார்கள்.

இனி உங்கள் கடினமான கேள்வி: வேண்டுமென்றே செய்ததா, தெரியாமல் வந்ததா? இதற்கு நம்பகமான சோதனை ஒன்று உண்டு. அதே கைகள் பக்கத்தில் வேறு விலங்குகளை எப்படிச் செதுக்கியிருக்கின்றன என்று பாருங்கள். மாமல்லபுரத்தின் பெரும் பாறைச் சிற்பத் தொகுதியைவிட இதற்கு நல்ல பாடம் கிடையாது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் பணி, ஏறத்தாழ 30 மீட்டர் நீளம். யானைகளின் தோல் மடிப்பும் குட்டிகளின் நெருக்கமும் அச்சாக இருக்கின்றன. பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறியும் மான் அங்கே உண்டு. விலங்குகளை இவ்வளவு கூர்ந்து பார்த்தவர்களுக்குப் பூனை எப்படி இருக்கும் என்று தெரியாதா? ஆனால் பெரிய யானையின் தும்பிக்கைக்கு அருகே, பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு பூனை தவம் செய்கிறது. காலடியில் எலிகள். இப்போது பாறையின் நடுவிலுள்ள பிளவுக்கு இடப்புறம் மேலே பாருங்கள். ஒட்டி உலர்ந்த உடலோடு, ஒற்றைக் காலில், கைகளை உயர்த்தி நிற்கும் தவசியின் அதே நிலைதான் பூனைக்கும். தவம் செய்வதாக நடித்து எலிகளைத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்திலேயே வருகிறது. இவ்வளவும் சேரும்போது சந்தேகத்துக்கு இடமில்லை, அது திட்டமிட்ட கேலி.

அந்தப் பூனையைக் காண ஒரு குறிப்பு: பாறை கிழக்கு நோக்கியது. விடிந்தவுடன் வெயில் நேராக முகத்தில் அடிக்கும், நிழல் விழாது, சிற்பம் தட்டையாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் சூரியன் உயர உயர, ஒளி பாறையை மேலிருந்து உரசி இறங்கும். அப்போது எலிகளும் பூனையின் விரல்களும் எடுப்பாகத் தெரியும். பிற்பகலில் முழுதும் நிழலுக்குள் போய்விடும். யானைகள் கண்ணை இழுத்துக்கொள்வதால் பூனையைத் தவறவிடுவது எளிது. பெரிய யானையின் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.

இதே பூனைத் தந்திரம் உலகின் மறுகோடியிலும் இருப்பது வியப்பானது. ஸ்பெயினின் தாரகோனா பேராலய உள்முற்றத்தில், 13ஆம் நூற்றாண்டுத் தூண் தலைப்பு ஒன்றின் மேல்விளிம்பில், செத்ததாக நடிக்கும் பூனையை எலிகள் பாடையில் தூக்கிப் போகின்றன. அடுத்த காட்சியில் பூனை துள்ளி எழுந்து எலியைப் பிடிக்கிறது. இங்கிருந்து அங்கே கதை போனது என்று சட்டென்று முடிவு கட்ட வேண்டாம். பூனையும் எலியும் இருக்கும் இடமெல்லாம் இந்தக் கேலி பிறக்கக்கூடியதே.

வேண்டுமென்றே செய்தவற்றில் அடிக்கடி காண்பது தலைகீழ்மை: இரை வேடனாகிறது, திருடன் குருவாகிறான், விலங்கு மனிதர் வேலையைச் செய்கிறது. இதன் வயது மிகப் பெரியது. அமெரிக்காவின் பென் அருங்காட்சியகத்தில் உள்ள, பண்டைய மெசப்பொத்தேமியாவின் ‘ஊர்’ (Ur) என்ற நகரத்து எருதுத்தலை யாழ் கி.மு. 2500-ஐ ஒட்டியது. அதன் முகப்புப் பலகையில் கழுதை யாழ் வாசிக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் எகிப்தியப் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஓவியம் ஒன்றில் சிங்கமும் மறிமானும் எதிரெதிரே உட்கார்ந்து காய் நகர்த்துகின்றன. உடை, கருவி, இருக்கை என்று மனிதப் பொருள் ஒன்று விலங்கின் கையில் இருந்தால் அது தற்செயலாக வந்திருக்காது.

பார்க்காமல் செய்தவற்றுக்கு வேறு அடையாளங்கள்: கால் மூட்டு தவறான பக்கம் மடங்கும், பாதம் வேறு விலங்கினுடையதாக இருக்கும், கண்கள் மனிதருக்குப் போல முன்னோக்கி இருக்கும். எக்ஸிடர் பேராலயத்தின் 13ஆம் நூற்றாண்டு யானை மிசரிகார்டில் யானைக்குக் குளம்புகள்! ஜப்பானின் நிக்கோ தோஷோகு ஆலயத்தில், மேல் கருவூலத்தின் முகட்டுப் பக்கத்தில் உள்ள இரண்டு யானைகளுக்கு வரைபடம் தந்தவர் ஓவியர் கானோ தான்யூ. அவர் யானையைக் கண்டதில்லை, கேள்விப்பட்டதை வைத்து வரைந்தார். எதிரிலுள்ள குதிரை லாயத்தில்தான் புகழ்பெற்ற மூன்று குரங்குகள். கூட்டம் குரங்குகளிடம் முட்டிமோதும்போது நீங்கள் திரும்பி நின்று யானைகளை நிதானமாகப் பார்க்கலாம். அங்கேயே உறங்கும் பூனை ஒரு வாயிலின் மேல் இருக்கிறது. மிகச் சிறியது, பலர் அடியிலேயே நடந்துபோகிறார்கள். வாயிலைக் கடந்ததும் திரும்பிப் பாருங்கள், பின்புறத்தில் சிட்டுக்குருவிகள்.

இந்த வகையைப் பார்த்துக் கலைஞருக்குத் திறமை இல்லை என்று குழந்தைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். கேட்ட சொற்களை மட்டும் வைத்து ஓர் உடலைக் கட்டியெழுப்புவது பெரிய வேலை. 1515-இல் லிஸ்பனுக்கு வந்த காண்டாமிருகத்தை ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் பார்க்கவில்லை. பிறர் அனுப்பிய வர்ணனையும் கோட்டோவியமும் வைத்து மரச்செதுக்கு அச்சு செய்தார். தோளுக்கு மேல் இல்லாத ஒரு கொம்பு முளைத்தது. பின்னால் வந்தவர்கள் அச்சைப் பார்த்தே வரைந்ததால் அந்தக் கொம்பும் நெடுங்காலம் கூடவே பயணித்தது. ஐரோப்பியக் கலையில் காண்டாமிருகத்தைக் கண்டால் தோளைப் பாருங்கள், எந்தப் படத்திலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவதாக ஒரு வகை நம்மைக் குழப்பும்: பிற்காலச் சேர்க்கை. பாரிஸ் நோத்ரதாமின் மேல்தளத்திலிருந்து நகரைப் பார்க்கும் விசித்திர உருவங்கள் இடைக்காலத்தவை அல்ல, 1843-க்குப் பிறகு கட்டடக் கலைஞர் வயோலெ லெ தூக் நடத்திய புதுப்பிப்பில் சேர்ந்தவை. ஸ்பெயினின் சாலமாங்கா புதிய பேராலய வாசலில் விண்வெளி வீரரும் ஐஸ்கிரீம் தின்னும் விசித்திர உயிரும் 1992 புதுப்பிப்பில் வந்தவை. விளிம்புகள் கூர்மையாக இருந்து, சுற்றியுள்ள கல் மட்டும் மழுங்கியிருந்தால், கல்லின் நிறமும் மாறினால், புதுப்பித்த ஆண்டைக் கேட்டுவிட்டு நம்புங்கள்.

சுவடிகளுக்கு எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டிஷ் நூலகத்தின் ஸ்மித்ஃபீல்ட் டெக்ரெட்டல்ஸ் என்ற சட்டச் சுவடியில் முயல்கள் வேடனைப் பிடித்து, விசாரித்து, தலையை வெட்டும் கதை பக்கம் பக்கமாக அடியோரத்தில் ஓடுகிறது. ஆனால் பெட்டிக்குள் வைக்கும் சுவடி ஒரே ஒரு விரிப்பில்தான் திறந்திருக்கும். ஒளி பட்டால் நிறம் வெளுக்கும் என்பதால் வெகுநாள் காட்சிக்கும் வைப்பதில்லை. தவளையும் முயலும் மற்போர் செய்யும் ஜப்பானியச் சுருள் ஓவியமும் அப்படித்தான். அது கியோட்டோவின் கோசான்ஜி ஆலயத்துக்குச் சொந்தம், ஆனால் மூலச் சுருள்கள் தோக்கியோ, கியோட்டோ தேசிய அருங்காட்சியகங்களின் பாதுகாப்பில் உள்ளன. ஆலயத்தில் காண்பது நகல். புறப்படும் முன் பொருளின் பதிவெண்ணைக் குறித்து, அந்த வாரம் காட்சியில் இருக்கிறதா என்று அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

கையில் வேண்டியவை குறைவு. எட்டு மடங்கு பெரிதாக்கும், 32 மி.மீ. முகப்பு வில்லையுள்ள பைனாகுலர் போதும். பத்து மடங்கில் கை நடுக்கம் தெரியும், மங்கிய உட்புறத்தில் சிரமம். கூரைச் செதுக்கல்களுக்கு உள்ளங்கை அளவு முகம் பார்க்கும் கண்ணாடியை இடுப்பருகே மல்லாக்கப் பிடித்துக் குனிந்து பாருங்கள், கழுத்து வலிக்காது. நார்விச் பேராலயத்தில் கூரை விலாக்கள் சேரும் இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செதுக்கிய குமிழ்கள் இருக்கின்றன, அண்ணாந்தே பார்த்து முடியாது. அனுமதி இருந்தால் சிறு டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால் தேய்ந்த செதுக்கலும் எழுந்து வரும். வண்ணம் பூசிய பரப்பில் அதைச் செய்யாதீர்கள், ஃபிளாஷும் வேண்டாம். வானத்தை எதிர்த்து நிற்கும் உருவத்தைக் கைபேசியில் எடுத்தால் கருநிழலாகத்தான் விழும். திரையில் விலங்கின் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு எடுங்கள், மேகமூட்டமான நாளானால் இன்னும் நல்லது. ஒவ்வோர் உருவத்துக்கும் இரண்டு படம்: முதலில் அது எங்கே இருக்கிறது என்று காட்டும் அகலப் படம், பிறகு முகம். அகலப் படம் இல்லாவிட்டால், ஊர் திரும்பியபின் எந்தத் தூணில் பார்த்தோம் என்று சொல்ல முடியாமல் போகும்.